கிளாக் 19: ஸ்லைடு கழல மாட்டேன் என்கிறது, எண்ணெய் எவ்வளவு விடுவது?

புதுக்கை:

வணக்கம். வாழ்க்கையில் முதல் கைத்துப்பாக்கி, கிளாக் 19, வாங்கி மூன்று வாரம் ஆகிறது. உரிமம், பயிற்சி வகுப்பு எல்லாம் முறையாக முடித்தாயிற்று. ஆனால் வகுப்பில் சுடத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். சுத்தம் செய்வதைக் கடைசிப் பத்து நிமிடத்தில் ஒருவர் மேசைமேல் படபடவென்று கழற்றி, படபடவென்று மாட்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டார், நாங்கள் தலையாட்டினோம்.

நேற்று 150 ரவுண்டு சுட்டேன். வீட்டுக்கு வந்து துடைக்கலாம் என்று உட்கார்ந்தால் முதல் அடியிலேயே மாட்டிக்கொண்டேன். கையேட்டில் சொல்லியபடி இரண்டு பக்கமும் இருக்கும் சின்னக் காதுகளைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடை நன்றாகப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினேன், பாதியில் நின்றுவிடுகிறது. பத்துத் தடவையாவது முயன்றிருப்பேன், விரல் நகம்தான் போனது.

இன்னொன்று, கழற்றுவதற்கு முன்னால் ட்ரிகரை அழுத்த வேண்டும் என்று எழுதியிருக்கிறதே, அது நிஜமாகவே அப்படித்தானா? துடைக்க எடுத்த துப்பாக்கியின் ட்ரிகரை வீட்டுக்குள் அழுத்த எனக்கு மனமே வரவில்லை.

ஸ்லைடைத் திறந்து பார்த்தால் உள்ளே செம்பு நிறத்தில் பசை மாதிரி ஏதோ தடவியிருக்கிறது. அழுக்கா, துடைத்துவிடலாமா? வீட்டில் டபிள்யூடி-40 டப்பாவும் தையல் மெஷின் எண்ணெயும் இருக்கின்றன, அதுவே போதுமா, இல்லை தனியாக வாங்க வேண்டுமா? எத்தனை நாளைக்கு ஒருமுறை இதைச் செய்வது? கேள்விகள் சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.


ரேஞ்ச் ஓரம்:

தம்பி, மனம் வரவில்லை என்றீர்களே, அந்த மனத்தை விட்டுவிடாதீர்கள். பத்து வருடம் கழித்தும் அப்படியே இருக்கட்டும்.

ஆமாம், கிளாக்கைக் கழற்ற ட்ரிகரை அழுத்தியே ஆக வேண்டும். ஸ்லைடை இழுத்துவிட்டதும் ஸ்ட்ரைக்கர், அதாவது தோட்டாவின் பின்புறத்தை அடிக்கும் ஊசி, பாதி இழுபட்ட நிலையில் ட்ரிகரோடு இணைந்த ட்ரிகர் பாரில் மாட்டிக்கொண்டு நிற்கும். அந்தப் பிடி விடாதவரை ஸ்லைடு முன்னால் கழன்று வராது. உங்கள் பிரச்சினையும் இதுதான். காதுகளை இழுப்பதற்கு முன் ஸ்லைடைப் பின்னால் இழுக்கச் சொல்வது வெறும் 3 மில்லிமீட்டர் அளவுக்கு, ஒரு மயிரிழை நகர்ந்தால் போதும். நீங்கள் "நன்றாக" இழுத்திருக்கிறீர்கள். அவ்வளவு தூரம் இழுத்தால் ட்ரிகர் மறுபடி முன்னால் வந்துவிடும், ஸ்ட்ரைக்கர் மறுபடி மாட்டிக்கொள்ளும், பழையபடி முதலிலிருந்து. எல்லாப் புதியவர்களும் ஒரு நாள் இதில் நகத்தை இழந்திருப்பார்கள்.

இப்போது முக்கியமானது. துடைக்கும்போது எது கஷ்டம் என்று கேட்டால் பேரல் என்கிற குழல், கரி, எண்ணெய் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். என்னைக் கேட்டால் முதல் முப்பது வினாடிதான், மற்றதெல்லாம் பாத்திரம் தேய்க்கிற வேலை மாதிரி. முதலில் தோட்டாக்கள் அடுக்கிய மேகசினை வெளியே எடுங்கள். அதற்குப் பிறகுதான் ஸ்லைடை இழுப்பது. இந்த வரிசையை மாற்றிவிட்டால் என்ன ஆகும் பாருங்கள்: ஸ்லைடை இழுத்ததும் சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில், இருந்த தோட்டா வெளியே குதிக்கும், அதைக் கண்ணால் பார்த்த திருப்தியில் காலியாகிவிட்டது என்று மனம் முடிவு கட்டிவிடும், ஆனால் ஸ்லைடு முன்னால் போகிறபோது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டுதான் போயிருக்கும். அதற்கப்புறம் மேகசினைக் கழற்றி என்ன பயன், மேகசின் இல்லாமலும் கிளாக் சுடும்.

இது கதை இல்லை. என்னோடு பல வருடம் ரேஞ்சுக்கு, அதாவது சுடும் பயிற்சிக் களத்துக்கு, வந்தவர், என்னைவிட நிதானமான மனிதர், ஒரு நாள் ஃபோனில் பேசிக்கொண்டே இதே வரிசையை மாற்றிச் செய்துவிட்டு ட்ரிகரை அழுத்தினார். சுவரில் ஓட்டை. சுவருக்கு அந்தப் பக்கம் அந்த நேரத்தில் யாரும் இல்லை.

ஆகவே மேகசினை எடுத்து, ஸ்லைடை இழுத்து, பின்னாலேயே பூட்டி நிறுத்துங்கள். சேம்பரைக் கண்ணால் பாருங்கள், பிறகு சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள், ஏனென்றால் களைத்த கண்ணுக்கு எது தெரிய வேண்டுமோ அதுதான் தெரியும். மேகசின் வாயிலையும் தடவுங்கள். வெளியே வந்த தோட்டாக்கள், நிரப்பிய மேகசின்கள் எல்லாமே அடுத்த அறைக்குப் போக வேண்டும், அதே மேசையின் மறு ஓரத்துக்கு அல்ல. ட்ரிகரை அழுத்தும்போது குழல் எதைப் பார்க்கிறது என்பதையும் யோசியுங்கள். நான் மணல் நிரப்பிய வாளி ஒன்று வைத்திருக்கிறேன், வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

கழன்றதும் நான்கு துண்டுகள் கிடைக்கும்: ஸ்லைடு, பேரல், ரீகாயில் ஸ்பிரிங், அடிச்சட்டம். அதோடு நிறுத்துங்கள். வீடியோவில் ஒருவர் ஊசியை வைத்து எல்லாவற்றையும் பிரித்துப் போடுவார், அந்த வேலை இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஸ்பிரிங் உள்ள எந்தப் பொருளையும் நம்பக் கூடாது.

பேரலுக்குள் சால்வென்ட் (கரியைக் கரைக்கும் திரவம்) நனைத்த துணித்துண்டை ஒருமுறை தள்ளிவிட்டுப் பத்து நிமிடம் ஊற விடுங்கள், அதற்குள் மற்ற பாகங்களைப் பார்க்கலாம். பிரஷ்ஷை எப்போதும் சேம்பர் பக்கமிருந்து விடுங்கள். குழல் முனையின் விளிம்புதான் தோட்டா கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம், அங்கே கம்பி உரசி உரசித் தேய்ந்தால் குறி தப்பும். பிரஷ் முழுதாக மறுபக்கம் வெளியே வந்த பிறகே திரும்ப இழுங்கள், நடுவழியில் திருப்பினால் அதன் முட்கள் மடங்கி வீணாகும். எட்டுப் பத்து இழுப்பு, பிறகு காய்ந்த துணி, அது ஓரளவு வெளுப்பாக வரும்வரை. பளிங்கு மாதிரி ஆக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

ஸ்லைடுக்குள் தோட்டாவின் பின்புறம் வந்து உட்காரும் தட்டையான முகம் இருக்கிறதல்லவா, அங்கேயும் காலி உறையை இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடியிலும்தான் கரி அடைந்திருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். அதைத் தேய்க்கும்போது ஸ்லைடின் முன்பக்கம் தரையைப் பார்க்கும்படி பிடியுங்கள், இல்லாவிட்டால் சால்வென்ட் ஸ்ட்ரைக்கர் ஓட்டைக்குள் இறங்கிவிடும்.

மாட்டும்போது ரீகாயில் ஸ்பிரிங்கின் பின்முனை பேரலின் அடியில் உள்ள அரைவட்ட வெட்டுக்குள் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள், கோணலாக இருந்தால் ஸ்லைடு இறுகும். ஸ்லைடைத் தண்டவாளத்தில் ஏற்றி முழுவதும் பின்னால் இழுத்துவிட்டால் தானாகவே பூட்டிக்கொள்ளும், காதுகளைத் தொடத் தேவையில்லை. பிறகு, தோட்டா இல்லாமல்தான், ட்ரிகரை அழுத்திக் "டிக்" சத்தம் கேளுங்கள், அழுத்தியபடியே ஸ்லைடை ஒருமுறை இழுத்து விடுங்கள், விரலை மெல்லத் தளர்த்தினால் ட்ரிகர் முன்னால் வந்து ஒரு "க்ளிக்" தெரியும், மறுபடி அழுத்தினால் மறுபடி "டிக்". இது வராமல் துப்பாக்கியில் தோட்டா போடாதீர்கள்.

எண்ணெய் விஷயத்தை அதற்கென்றே இருக்கிற பைத்தியத்திடம் விட்டுவிடுகிறேன்.


எண்ணெய்ப் பைத்தியம்:

கூப்பிட்டதற்கு நன்றி அண்ணே.

முதலில் அந்தச் செம்புப் பசை. துடைக்காதீர்கள்! தொழிற்சாலையிலேயே தடவி அனுப்பும் கிரீஸ் அது, புதுத் துப்பாக்கி பழகும்வரை உராய்வைக் குறைக்கத்தான் வைத்திருக்கிறார்கள், அதை எடுக்க வேண்டாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். தானாகத் தேய்ந்து போகட்டும்.

டபிள்யூடி-40 பற்றி எல்லா இடத்திலும் சண்டை நடக்கும், எனவே சுருக்கமாக. அது பிறந்தது 1953இல், சான் டியேகோவில், ராக்கெட் கெமிக்கல் கம்பெனி என்ற சின்ன நிறுவனத்தில். உலோகத்திலிருந்து ஈரத்தை விரட்டித் துருவைத் தடுக்கும் திரவம் ஒன்றைத் தேடினார்கள், நாற்பதாவது முயற்சியில் கிடைத்தது, பெயரே அதுதான். பிறகு அட்லஸ் ஏவுகணையின் வெளித்தோலுக்குப் பயன்பட்டது. மழையில் நனைந்துவிட்ட துப்பாக்கியிலிருந்து தண்ணீரை வெளியேற்ற வேண்டுமா, அருமையான பொருள். ஆனால் உலோகமும் உலோகமும் உரசும் இடத்தில் நிலைத்து நிற்கிற எண்ணெயாக அதை நம்பாதீர்கள், பெரும்பகுதி ஆவியாகிப் போய் மிச்சம் மெல்லிய படலமாகத்தான் நிற்கும். தையல் மெஷின் எண்ணெய் சுத்தமான மினரல் எண்ணெய்தான், ஆபத்துக்குப் பாவமில்லை, ஆனால் மிகவும் நீர்த்தது, சீக்கிரம் வழிந்தோடிவிடும். சமையலறையில் இருக்கிற எந்த எண்ணெயும் கூடவே கூடாது. தாவர எண்ணெய் காற்றுபட்டுப் பிசினாகிவிடும், அப்புறம் அதைச் சுரண்டத் தனி ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.

ஒரே பாட்டில் போதும் என்றால் சிஎல்பி என்று கேட்டு வாங்குங்கள். துடைக்கவும் வழவழப்பாக்கவும் துருவைத் தடுக்கவும் ஒன்றே. மூன்று வேலையிலும் சுமார்தான், ஆனால் புதியவருக்கு அந்தச் சுமாரே நல்லது, எதை எங்கே போட்டோம் என்று குழப்பம் வராது. ஹாப்பிஸ் 9 மாதிரி 1903இலிருந்து இருக்கிற தனி சால்வென்ட் கரியை இன்னும் நன்றாக எடுக்கும், அந்த வாசனைக்காகவே வாங்குகிறவர்களும் உண்டு (நான்தான்).

எவ்வளவு விடுவது? நீங்கள் நினைப்பதில் கால்வாசி. ஸ்லைடுக்குள் இரண்டு பக்கத்துத் தண்டவாளப் பள்ளத்திலும் ஒவ்வொரு சொட்டு. பேரலின் வெளிப்பக்கத்திலும் அதன் மேல்முகப்பிலும் ஒவ்வொரு சொட்டு விட்டு விரலால் தடவிவிடுங்கள். கடைசியாக, அடிச்சட்டத்தின் வலதுபக்கப் பின்மூலையில் ட்ரிகர் பாரும் கனெக்டரும் சந்திக்கும் இடத்தில் ஒரே ஒரு சொட்டு. இந்தக் கடைசிச் சொட்டைத்தான் எல்லாரும் மறப்பார்கள், ட்ரிகர் கரகரப்பது அதனால்தான். வேறு எங்கே என்று சந்தேகம் வந்தால், கறுப்புப் பூச்சு தேய்ந்து எங்கே பளபளக்கிறதோ அங்கேதான் உரசுகிறது, அங்கே விடுங்கள்.

விடக் கூடாத இடங்கள் இன்னும் முக்கியம். ஸ்ட்ரைக்கர் ஓடும் துளை காய்ந்தே இருக்க வேண்டும். அங்கே எண்ணெய் போனால் கரியும் தூசியும் சேர்ந்து கூழாகி, குளிரில் கெட்டியாகி, ஊசி மெதுவாக அடிக்கும், தோட்டா வெடிக்காது. மேகசினுக்குள்ளும் வேண்டாம், தோட்டாவின் பின்புறத்தில் அடிபட்டதும் தீப்பற்றவைக்கும் பிரைமருக்குள் எண்ணெய் கசிந்தால் அது செத்துப்போக வாய்ப்புண்டு. பேரலின் உட்புறம் மெல்லிய படலம் வைத்து எடுத்துவைக்கலாம், ஆனால் சுடுவதற்கு முன் காய்ந்த துணி ஒன்றை உள்ளே ஓட்டுங்கள், அந்தத் துணி மறுபக்கம் வெளியே வந்ததையும் பாருங்கள்.


சோம்பேறி:

நான் வேறு கட்சி. ரேஞ்சுக்குப் போய் வந்த ஒவ்வொரு தடவையும் குழலைத் தேய்க்கிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். இப்போதைய 9 எம்எம் தோட்டாக்களில் அரிக்கும் பிரைமர் கிடையாது, கரி ஒரு வாரம் இருந்தால் ஒன்றும் ஆகாது. நான் ஐந்நூறு ரவுண்டுக்கு ஒருமுறை பிரிப்பேன், நடுவில் வெளியே ஒரு துடைப்பு, ஒரு சொட்டு, அவ்வளவுதான். என்னுடையது ஒரு தடவைகூடத் தடங்கியதில்லை. தேய்ந்துபோன பேரலைவிடத் தேய்த்தே தேய்த்த பேரலைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.


எண்ணெய்ப் பைத்தியம்:

@சோம்பேறி பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யாராவது மலிவாகக் கிடைத்ததென்று பழைய ராணுவ மிச்சத் தோட்டாவை வாங்கிச் சுட்டுவிட்டு உங்கள் பேச்சைக் கேட்டால் அவ்வளவுதான். அந்தப் பழைய பிரைமர்களில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும், வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடு ஆகிறது, அதாவது ஒருவகை உப்பு. உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், மறுநாளே குழலுக்குள் துரு தெரியும். வேடிக்கை என்னவென்றால் அதை எண்ணெயோ வழக்கமான சால்வென்ட்டோ கரைக்காது, உப்பைக் கரைப்பது தண்ணீர்தான். எனவே வெந்நீர் ஊற்றி அலசி, முழுக்க உலர்த்தி, பிறகு எண்ணெய். துப்பாக்கியைத் தண்ணீரில் கழுவுவதா என்று அதிர்ச்சியாவார்கள், அதற்காகவே சொல்வேன்.


ரேஞ்ச் ஓரம்:

சோம்பேறி சொல்வது ரேஞ்சில் மட்டும் சுடும் துப்பாக்கிக்குச் சரி. இடுப்பிலேயே இருக்கிற துப்பாக்கி சுடாவிட்டாலும் அழுக்காகும், துணிப்பஞ்சு, தூசி, வியர்வை. அதை மாதம் ஒருமுறையாவது பிரித்துப் பாருங்கள். புதுக்கை, உங்களுக்கு முதல் ஆறு மாதம் ஒவ்வொரு தடவையும் செய்யச் சொல்வேன், துப்பாக்கிக்காக அல்ல, உங்கள் கை பழக.


ஆறு அறை:

எல்லாரும் துப்பாக்கியின் அழுக்கைப் பற்றிப் பேசுகிறீர்கள், அந்த அழுக்கில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஈயம். தோட்டாவில் மட்டுமல்ல, வழக்கமான பிரைமரிலும் ஈயக் கூட்டுப்பொருள் இருக்கிறது, அந்தக் கறுப்புக் கரியில் அது கலந்திருக்கிறது. தோல் வழியாக உள்ளே போவது குறைவுதான், கையிலிருந்து வாய்க்குப் போவதுதான் பிரச்சினை. எனவே நைட்ரைல் கையுறை, திறந்த ஜன்னல், சாப்பாட்டு மேசை வேண்டவே வேண்டாம். பக்கத்தில் டீ டம்ளர் வைத்துக்கொண்டு துடைக்கிறவர்களைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். முடித்ததும் குளிர்ந்த தண்ணீரில் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், முகத்தையும். துடைத்த துணி வீட்டுத் துணிகளோடு மெஷினுக்குப் போகக் கூடாது. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது இன்னும் பெரிய விஷயம், தரையில் தவழ்கிற பிள்ளையின் உள்ளங்கைக்கு வந்துவிடும்.

நான் ரிவால்வர்க்காரி, அதனால் உங்கள் 3 மில்லிமீட்டர் துன்பம் எனக்குக் கிடையாது. ஆனால் எங்களுக்கு வேறு துன்பம். காலி உறைகளைத் தள்ளும்போது குழல் மேலே பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் எரியாத வெடிமருந்துத் துகள் நட்சத்திரத் தகட்டின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு சிலிண்டரைச் சுற்ற விடாது. துகள் என்றால் கண்ணுக்கே தெரியாத அளவு, அதற்குத் துப்பாக்கியே கெட்டுவிட்டதென்று பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன், அவர் பல் பிரஷ்ஷால் இரண்டு தட்டுத் தட்டிக் கொடுத்தார். .357 சிலிண்டரில் நீளம் குறைந்த .38 தோட்டாவை நிறையச் சுட்டால் அறைக்குள் கரி வளையம் படியும், அதைத் தேய்க்காமல் .357 போட்டால் முழுதாக இறங்காது. சரி, இது புதுக்கைக்கு வேண்டாத விஷயம், வேறு யாராவது படிப்பார்கள்.


புதுக்கை:

எல்லாருக்கும் நன்றி. ஸ்லைடு கழன்றுவிட்டது! 3 மில்லிமீட்டர் என்று தெரிந்ததும் இரண்டாவது முயற்சியிலேயே வந்தது, நேற்று முழுக்க மல்லுக்கட்டியதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மேகசின், சேம்பர், சுண்டுவிரல் எல்லாம் அந்த வரிசையிலேயே செய்தேன், இரண்டு தடவை. அக்கா சொன்ன பிறகு மேசையைச் சாப்பாட்டு அறையிலிருந்து பின்கட்டுக்கு மாற்றிவிட்டேன், டீ டம்ளர் உண்மையிலேயே பக்கத்தில் இருந்தது.

இரண்டு சந்தேகம். கடையில், தோட்டா குழலுக்குள் விட்டுப்போகும் செம்புப் படிவை எடுக்கும் சால்வென்ட் என்று ஒன்று கொடுத்தார்கள், அதில் பிரஷ்ஷை முக்கித் தேய்த்தால் துணி நீலப்பச்சையாக வருகிறது. இருபது துணி ஆயிற்று, பச்சை நிற்கவே இல்லை. வெறும் 150 ரவுண்டுக்கு இவ்வளவு செம்பா? இன்னொன்று, துப்பாக்கியோடு வந்த பஞ்சு வைத்த பெட்டியிலேயே வைத்துவிடலாமா?


எண்ணெய்ப் பைத்தியம்:

நிறுத்துங்கள் நிறுத்துங்கள். அந்தப் பிரஷ் வெண்கலம்தானே? வெண்கலத்தில் பெரும்பகுதி செம்பு. அந்த சால்வென்ட் பேரலில் உள்ள செம்பை எடுக்கவில்லை, உங்கள் பிரஷ்ஷைத் தின்றுகொண்டிருக்கிறது, அந்தப் பச்சைதான் துணியில். பிரஷ் முழுதும் கரையும்வரை பச்சை வரும். நைலான் பிரஷ்ஷால் விட்டுப் பாருங்கள், பிறகு அந்த சால்வென்ட்டை நன்றாகத் துடைத்து எடுத்துவிடுங்கள், இரவு முழுக்க ஊறவிடும் பொருள் அல்ல அது. உண்மையில் இப்போதைக்கு உங்களுக்கு அது தேவையே இல்லை, குறி விலக ஆரம்பித்தால் யோசிக்கலாம்.


ஆறு அறை:

நிக்கல் பூசிய துப்பாக்கி யாரிடமாவது இருந்தால் அந்த சால்வென்ட்டைப் பக்கத்திலேயே விடாதீர்கள், பூச்சுக்கு அடியில் போய் உரித்துவிடும். பெட்டியைப் பொறுத்தவரை, வண்டியில் எடுத்துப்போக நல்லது, மாதக்கணக்கில் வைக்க மோசம். பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தோல் உறையும் அப்படித்தான், பதனிட்ட தோலில் உள்ள அமிலமும் ஈரமும் சேர்ந்து உறையின் வடிவத்திலேயே துருக்கோடு போடும். பூட்டுள்ள இரும்புப் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம், எடுத்து வைக்கும் முன் வெளிப்பக்கத்தில் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு, விரல் ரேகைகூட உப்புதான்.


புதுக்கை:

நைலான் பிரஷ்ஷில் மூன்றாவது துணியே வெளுப்பாக வந்துவிட்டது. டிக், க்ளிக், டிக் எல்லாம் சரியாகக் கேட்கிறது. துணிச்சல் வந்து மேகசினையும் பிரித்துத் துடைக்கலாம் என்று அடித்தகட்டைத் தள்ளினேன், உள்ளே இருந்த ஸ்பிரிங் பறந்து அலமாரிக்குப் பின்னால் போய்விட்டது. டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருக்கிறேன்.


ரேஞ்ச் ஓரம்:

கண்ணாடி போட்டிருந்தீர்களா?


புதுக்கை:

போட்டிருந்தேன் அண்ணே. அலமாரிதான் போட்டிருக்கவில்லை.